என் கைக்கு ஓடாத வண்டி

அப்பாவின் காரை ஓட்டுகிற கை எனக்கு இல்லை என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் அப்பா. ஆமாம் போட்டவன் தம்பி. நடுரோட்டில் நின்று நின்று மானம் கப்பலேறியதில், கடைசியில் நானே தலையாட்டிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், இனி வண்டி அவனுடையது என்று வாயால் சொல்லியும் ஆயிற்று.

இத்தனைக்கும் நான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டு அலறியவர்களை எத்தனையோ முறை வெளியே எடுத்திருக்கிறேன். வயரும் சுவிட்சும் ரிலேயும் என்னிடம் வாலாட்டாது. அப்பேர்ப்பட்ட என்னை, என்னைவிட வயதான ஒரு கார் கண்ணில் விரல்விட்டு ஆட்டியது.

அழகான வண்டி, அதைச் சொல்லியாக வேண்டும். உருண்டையான பானெட், இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற மாதிரி பெரிய ஸ்டியரிங், பாலாடைக் கலர். மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் அப்பா வாங்கியது. பிள்ளைகள் எங்களைத் தொட விடமாட்டார். நான் கார் ஓட்டப் பழகியதே எங்கள் கம்பெனி வேனில்தான். அப்புறம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லீவு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவள் நான். கட்டுப் பிரித்த அன்று, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வண்டி இவளுக்குத்தான்" என்றார். சித்தப்பா, "பையன் இருக்கும்போது..." என்று இழுத்தார். "பையன் மூக்குக்கண்ணாடி விக்கிறான். இவதானே ஸ்பேனர் பிடிக்கிறா" என்று அப்பா அவர் வாயை அடைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வராதா என்று நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து ஏங்கியிருக்கிறேன்.

வண்டி என் கைக்கு வந்த வாரமே, அப்பாவும் கூட இருந்தபோது, நின்றது. நான் பானெட்டுக்குள் குனிந்திருக்க, அவர் போன் போட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குலுங்கல், இரண்டு இருமல், அவ்வளவுதான், படுத்துவிடும். நான் இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பேட்டரி இருக்கிறது, பொறிக்குக் கரண்ட் தருகிற காயில் இருக்கிறது, பிளக்கில் நெருப்புப் பொறி வருகிறது. சரி என்று மறுபடி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் கிளம்பும். இரண்டு தெரு தாண்டியதும் மறுபடி படுக்கும். மழையிலும் நிற்கும், வெயிலிலும் நிற்கும். இப்படி வந்து வந்து போகிற கோளாறைப் போல மனுஷனை நோகடிக்கிறது வேறில்லை. எப்போதுமே ஓடாத வண்டியை ரிப்பேர் பண்ணிவிடலாம். ஓடுகிற வண்டியை என்ன பண்ணுவது?

நான் சாவியைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கக் காரணமான அந்த நாளைச் சொல்கிறேன். அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய சந்திப்பில், பச்சை விளக்கு விழுந்த நேரம் பார்த்து வண்டி படுத்தது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஊரே நின்றது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்துப்போனது. ஒரு ஸ்கூட்டர்காரன், "வீட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனை இறக்கி நாலு சாத்து சாத்தியிருப்பேன், அப்பா பக்கத்தில் இருந்தாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா அமைதியாகப் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். அவனுடைய கண்ணாடிக் கடை அங்கிருந்து பக்கம்தான். சட்டை கசங்காமல் வந்து நின்றான்.

"இறங்குக்கா, நான் பாக்கறேன்."

நான் இறங்கினேன். அவன் ஏறி உட்கார்ந்தான், சீட்டை 'கரக்' என்று பின்னால் தள்ளினான், சாவியைத் திருப்பினான். வண்டி பூனைக்குட்டி மாதிரி கிளம்பியது. எப்போதும் இதே கதைதான். என்னிடம் நிற்கும், அவனிடம் ஓடும். அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வீடு வரைக்கும் அவனே ஓட்டினான், ஒரு இருமல்கூட இல்லை.

"உங்க அம்மா கை அப்படியே உனக்கு" என்றார் அப்பா, பின்சீட்டில் ஒடுங்கியிருந்த என்னைத் திரும்பிப் பார்த்து. "அவ தொட்டாலும் இது இப்படித்தான் நிக்கும். சில பேர் கைக்கு வண்டி ஒத்துக்காதும்மா. உன் தப்பு இல்ல."

உன் தப்பு இல்ல என்று அவர் சொன்ன அந்தக் கனிவுதான் என்னை உடைத்தது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அன்று வீட்டுக்கு வந்ததும்தான், "வண்டியைத் தம்பியே வெச்சுக்கட்டும்" என்றேன். "அம்மா கைதானே இவளுக்கு" என்று அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுல என் கைய வேற எதுக்கு இழுக்கறீங்க" என்று சிரித்தாள். அம்மா ஒரு காலத்தில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்பார்கள். ஆனால் ஸ்டியரிங் என்றால் மட்டும், "அய்யோ, அந்தக் கை எனக்கு இல்ல" என்று ஒதுங்கிவிடுவாள். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய சிரிப்பு.

எங்கள் மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வண்டிகள் மட்டும் பார்க்கிறவர். எந்த வண்டி நின்றாலும் "பாயிண்ட்ல கோளாறு" என்று ஆரம்பிப்பார் என்பதால் அவருக்குப் பெயரே பாயிண்ட் அண்ணன். என் வண்டிக்கும், பிளக்குக்குப் பொறி போகச் செய்கிற அந்தப் பாயிண்டை மாற்றினார். அப்புறம் கண்டென்சரை, அப்புறம் காயிலை, அப்புறம் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் பட்டையை மாற்றினார். ஒவ்வொரு தடவையும், "இனிமே நின்னா என் பேரை மாத்திக்கறேன்" என்பார். நின்றது. பேரை மாற்றிக்கொள்ளவில்லை.

சாவியைக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்ன மறுநாள், ஒரு அலுவலகக் கட்டடத்தில் எனக்கு வேலை. அங்கே லிஃப்ட் இப்படித்தான், நினைத்தால் நிற்கும், நினைத்தால் ஓடும். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள், உள்ளே போன உடனே கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து ரிலேயைக் கழற்றத் தொடங்கினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"கைய எடுங்க! நிக்கறப்ப எப்படி நிக்குதுன்னு பாக்காம எதையும் தொடக் கூடாது. தொட்டா கோளாறு ஓடிப்போயிடும். அப்புறம் நீங்க யாரைப் பிடிப்பீங்க?"

சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. நின்றுபோன லிஃப்டை நின்ற நிலையிலேயே வைத்து, எந்தக் கதவுப் பூட்டில் மின்சாரம் அறுந்திருக்கிறது என்று பல்பு வைத்துப் பார்ப்போம். யாரும் கதவைச் சாத்தக் கூடாது, யாரும் ஆட்டக் கூடாது. காரிடம் நான் என்ன செய்தேன்? நின்ற அடுத்த நொடியே கதவைத் திறந்து இறங்கினேன். ஒரு தடவைகூட நின்ற நிலையில் அதைப் பார்க்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை என் வீட்டு வாசலில் மறந்திருக்கிறேன்.

மறுநாள் லீவு போட்டேன். வண்டி யாருக்குப் போனாலும் போகட்டும், கோளாறு என் கையிலா வண்டியிலா என்று தெரியாமல் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று வைராக்கியம். இரண்டு சின்ன பல்புகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றைக் காயிலுக்கு வரும் வயரில் கோத்தேன். இன்னொன்றை டிக்கிக்குள் இருக்கிற பெட்ரோல் பம்பின் வயரில் கோத்து, நீளமாக இழுத்துவந்தேன். அந்தக் கால வண்டி, பம்பு மின்சாரத்தில் ஓடும். இரண்டு பல்பையும் ஸ்டியரிங்குக்கு மேலே டேப் போட்டு ஒட்டினேன். இஞ்சினுக்குப் போகிற மின்சாரம் இரண்டு வழி. எது அறுந்தாலும் என் கண் முன்னால் ஒரு விளக்கு அணையும்.

"என்னடி இது, கல்யாண வீடு மாதிரி?" என்றாள் அம்மா, வாசலில் நின்று.

"இன்னிக்கு ஒண்ணு அது, இல்லன்னா நான்."

"பாத்துப் போ. நின்னா பதறாதே" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கிடங்குகள் இருக்கிற பின்பக்கத் தெருக்களில் ஓட்டினேன். அங்கே நின்றால் ஹாரன் அடிக்க ஆள் கிடையாது. மேடும் பள்ளமும் நிறைய. இரண்டு பல்பும் ஜம்மென்று எரிந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வலதுபக்க பல்பு ஒருமுறை சிமிட்டியது. அடுத்த பள்ளத்தில் அணைந்தேவிட்டது. வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போய், இருமி, நின்றது. காயில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பம்பு பல்பு செத்திருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் கதவைத் திறக்கக் கை போனது. அந்தக் கையை நானே அடித்தேன். இறங்காதே, மூதேவி, அசையாதே. அப்படியே உட்கார்ந்துகொண்டு பாயிண்ட் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வழக்கம்போல பானெட் பக்கம் போனார்.

"பாயிண்டை ஒரு தடவை..."

"அண்ணே, பாயிண்ட் பக்கம் போனீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். பின்னால போய் பம்புக்குக் கரண்ட் வருதான்னு பாருங்க."

"சரி, நீ இறங்கு, நான் உக்காந்து..."

"நான் இறங்க மாட்டேன். இந்த வண்டி சுடுகாட்டுக்குப் போனாலும் இறங்க மாட்டேன். நீங்க பாருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்த்தார். கரண்ட் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். பம்பு பல்பு மினுக்கென்றது. நிமிர்ந்தேன், அணைந்தது. கையைக் கீழே விட்டு, சீட்டுக்கு அடியிலிருக்கிற கொண்டியைத் தூக்கி, சீட்டைப் பின்னால் தள்ளினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது, டிக்கியில் பம்பு டிக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. முன்னால் இழுத்தேன், செத்தது. பின்னால் தள்ளினேன், பிழைத்தது.

"அடி சக்கை!" என்றார் பாயிண்ட் அண்ணன்.

சீட்டைக் கழற்றி, கீழே கிடந்த விரிப்பைத் தூக்கினோம். பம்புக்குப் போகிற வயர் சீட்டுக்கு அடியில், சீட்டைத் தாங்குகிற இரும்புக் கம்பி ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனது. சீட்டை முன்னால் இழுத்தால் கம்பி வயரை இழுக்கும், ஆள் உட்கார்ந்தால் இன்னும் இறுகும். மேல்தோல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. நான் இறங்கினால் வயர் தளர்ந்து இழைகள் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் நான் பானெட்டைத் திறந்த ஒவ்வொரு தடவையும் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

நான் அந்தத் தெருவிலேயே குதித்தேன். கிடங்குக் காவலாளி எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். என் கையில் கோளாறு இல்லை! பழைய துண்டை வெட்டியெறிந்துவிட்டு, புது வயர் வைத்து, கம்பிக்கு வெளியே விட்டுக் கட்டினோம்.

"இவ்வளவுதானா விஷயம்" என்றார் பாயிண்ட் அண்ணன், கையைத் துடைத்தபடி. "குட்டையா இருக்கறவங்க சீட்டை முன்னால இழுப்பாங்க, நிக்கும். நெட்டையா இருக்கறவங்க பின்னால தள்ளுவாங்க, ஓடும். உங்கப்பா நல்ல உயரம், அவருக்கு ஒண்ணும் ஆகல. உன் தம்பியும் உயரமா? நான் பாத்ததில்ல."

"அவனா? அவன் என் உயரம்தான்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள், பாதியில் நின்றேன்.

நானும் தம்பியும் அம்மாவைக் கொண்டு குட்டையாகப் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் என் சட்டையை அவன் போடுவான், அவன் சட்டையை நான் போடுவேன். இன்றைக்கும் அவன் செருப்பு எனக்குச் சரியாக இருக்கும். அவன் ஏன் சீட்டைப் பின்னால் தள்ளினான்? அப்படி உட்கார்ந்தால் அவனுக்குக் கிளட்சே எட்டாது. கால்விரலை நீட்டி நீட்டித்தான் மிதிப்பான். அப்பாவைப் போலத் தோரணையாக உட்காரப் பார்க்கிறான் என்று நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அது தோரணை இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பாயிண்ட் அண்ணன் என்னவோ கேட்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

தம்பியின் கடைக்கு வண்டியை நானே ஓட்டிப் போனேன், சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டுதான். வழியில் ஒரு இருமல் இல்லை. அவன் உள்ளே, கண்ணாடி வில்லையை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்க்கிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. சுவர் முழுக்க காலிக் கண்ணாடி ஃப்ரேம்கள்.

"வண்டி ஓட்டறப்ப சீட்டை ஏன்டா பின்னால தள்ளுவே?"

அவன் மெஷினை நிறுத்தினான். பொய் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "கண்டுபிடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

எனக்கு அவனை அறையக் கை துடித்தது. காய்ச்சல் வந்தால் என் மடியில்தான் படுப்பான். அவனுடைய முதல் கடைக்குப் பலகை அறைந்து, லைட் போட்டு, ஃபேன் மாட்டினவள் நான். "எப்பலேர்ந்துடா தெரியும்?"

"முதல் தடவை நின்னப்பவே."

"நான் நடுரோட்டுல நாயா அலைஞ்சேன். கண்டவனெல்லாம் என்னைப் பேசினான். நீ வந்து ராஜா மாதிரி உக்காந்து, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஸ்டார்ட் பண்ணிட்டு... ஏன்டா, உனக்கு நான் என்னடா பண்ணினேன்?"

"அக்கா, மெதுவா."

"நான் மெதுவா பேசற ஜென்மம் இல்ல, உனக்குத் தெரியும். வண்டி வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. குடுத்திருக்க மாட்டேனா?"

அவன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "நானா கண்டுபிடிச்சிருப்பேன்னு நினைக்கிறே? எனக்கு வீட்ல ஃப்யூஸ் போடக்கூடத் தெரியாது. அப்பாதான் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"முதல் தடவை நின்னப்ப போன் பண்ணார்ல? அப்பவே சொன்னார். வந்ததும் சீட்டைப் பின்னால தள்ளிட்டு ஸ்டார்ட் பண்ணு, அக்காகிட்ட எதுவும் சொல்லாதேன்னு."

நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா. என் பக்கத்து சீட்டில், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அமைதியாக இருந்த அப்பா. அவருக்கு மனசு எவ்வளவு பெரிது என்று நான் நினைத்துக்கொண்ட அந்த அமைதி.

"எல்லார் முன்னாடியும் உனக்குன்னு சொல்லிட்டார்" என்றான் தம்பி. "வீட்டுக்கு வந்ததும் மனசு மாறிடுச்சு. சித்தப்பா ஏதோ ஓதியிருக்கார். பையன் இருக்கும்போது பொண்ணுக்கு எழுதினா ஒரு மாதிரியா இருக்கும்னு. உன்கிட்ட இல்லேன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. நீயா வேணாம்னு சொல்லிட்டா யாருக்கும் மனஸ்தாபம் இல்லன்னார்."

"நீயும் சரின்னுட்டே."

"தப்புதான்" என்றான். அப்புறம், "அவர் என்னைப் பார்த்து 'உன் கைதான்டா கை'ன்னு சொன்னார்க்கா. இத்தனை வயசுல முதல் தடவை. சின்ன வயசுலேர்ந்து நீ ரிப்பேர் பண்ணுவே, நான் டார்ச் பிடிப்பேன். அவர் உன்னையேதான் பாத்துட்டிருப்பார்."

அவன் மேல் எனக்கு இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தின் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. எழுந்தேன். அவன் ஓடிவந்து வழியை மறித்தான்.

"அப்பாகிட்ட என்ன வேணா கேளு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"அம்மாவுக்கும் இதுக்கும் என்ன?"

அவன் விழித்தான். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "அம்மா ஓட்டினப்பவும் இதே வயர்தான்க்கா, அப்பவே அவருக்குத் தெரியும்" என்றான். "உங்களுக்கு எப்படி இது தெரியும்னு அப்பாவைக் கேட்டேன். சிரிச்சுட்டே சொன்னார்."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அப்பா முன்னறையில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவை அணைத்தேன்.

"வயர் மாத்திட்டேன்பா. சீட்டுக்கு அடியில."

அவருக்குப் பார்வை மங்கல், ஆனால் என் முகம் அவருக்கு எப்போதும் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? நல்லது. நீ கெட்டிக்காரி, கண்டுபிடிச்சிடுவேன்னு எனக்குத் தெரியும். வண்டி உனக்குத்தான், நீயே வெச்சுக்கோ."

"வண்டி கிடக்கட்டும். என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, தெரிஞ்சுக்கிட்டே, உன் கை சரியில்லன்னு எப்படிப்பா சொல்ல முடிஞ்சுது? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அழுதுட்டு விட்டிருப்பேனே. ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா உங்க கையப் பிடிச்சுட்டு உக்காந்தேனே, அந்தக் கையத்தானே நொள்ளை சொன்னீங்க?"

"சத்தம் போடாதே. உனக்கு நல்லதுன்னுதான்..."

"பூசி மெழுகாதீங்கப்பா. அம்மாவுக்கும் நல்லதுன்னுதான் பண்ணீங்களா?"

அவர் முகம் செத்துப்போனது. "அதை இப்ப எதுக்கு இழுக்கறே? அது எந்தக் காலத்துக் கதை. அவகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதே."

"எதை என்கிட்ட சொல்லக் கூடாது?" என்றாள் அம்மா.

சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கை ஈரமாக இருந்தது. எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். என் அப்பா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம், இந்த வயதில் அவளுக்கு எதற்கு இது என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயமாகப் போய்விட்டது. அந்த நொடியில் நானும் தம்பியைப் போலத்தான் இருந்தேன்.

"வண்டியில சீட்டை முன்னால இழுத்தா பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகாதும்மா. வயர் அறுந்திருந்துது. உன் கையில ஒண்ணும் கோளாறு இல்ல. அப்பவும் இல்ல."

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், விரல் விரலாக.

"இவருக்கு அது தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "ஊருக்கு வெளியில இருக்கற ஆஸ்பத்திரிக்கு என்னை மாத்தினாங்க. பஸ் கிடையாது. நீங்கதான் காரை எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்க. எவ்வளவு நல்ல மனுஷன்னு எங்கம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அன்னிக்கு ஒரு பொண்ணு பிரசவ வலியில எனக்காகக் காத்துட்டிருந்தா. வண்டி நின்னுபோச்சு. ரோட்டோரத்துல உக்காந்து அழுதேன். நீங்க வந்து முதுகைத் தடவிக் குடுத்தீங்க. விடு, உனக்கு இது வராதுன்னீங்க. மறுநாளே நான் வேலைய விட்டேன்."

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்றார் அப்பா. "வேலைக்குப் போகாதேன்னு நான் என்னிக்காவது ஒரு வார்த்தை சொன்னேனா? நீயே சொல்லு. சொன்னேனா?"

"சொல்லலையே" என்றாள் அம்மா. "சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஜெயிச்சும் இருப்பேன். அது தெரிஞ்சுதானே நீங்க சொல்லல."

அப்பா என் பக்கம் திரும்பினார், நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன் என்று. அம்மா எதிர் நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.